குடல் தட்டுற கை

அய்யய்யோ, சேலையில பட்டுருச்சா தாயி? இரு, இரு, கையால தொடைக்காத, பரவிரும். வெளக்கெண்ணெ. இந்தப் பாட்டில் மூடி சரியில்லன்னு வீட்ட விட்டுக் கெளம்பையிலயே நெனச்சேன், அவசரத்துல ஒரு ரப்பரச் சுத்தாம வந்துட்டேன். வீட்டுக்குப் போயி கடலமாவு போட்டு ஊற வச்சுக் கசக்கு, தடம் தெரியாமப் போயிரும். கோவிச்சுக்காத. நீ எங்க எறங்கணும்? கரூரா? அப்பத் தூரம் கெடக்கு. நான் வேடசந்தூருக்கு முன்னால, கல்லுப்பட்டிப் பிரிவு.

எதுக்கு இம்புட்டு எண்ணெயா? கொழந்தைக்கு. குடல் தட்டுறதுக்கு. நீ டவுன்ல வளந்தவ போல, உனக்குத் தெரியாது. பச்சப்புள்ளைக்கு வயித்தால போச்சுன்னா, பாலக் கக்குச்சுன்னா, குடல் ஏறிருச்சும்பாங்க. மடியில மல்லாக்கப் போட்டு, தொப்புளச் சுத்தி எண்ணெயத் தேச்சு, மேல இருந்து கீழ நீவி, கடைசியில ரெண்டு காலயும் தூக்கிப் பிடிச்சு உள்ளங்கால்ல மூணு தட்டு. அம்புட்டுத்தான். ஆனா யாரு தட்டுனாலும் எறங்கிறாது. கைராசி வேணும். எனக்கு இருக்கு. நானாச் சொல்லல, எங்க மில்லுல யாரையும் கேட்டுப் பாரு. பேரு வெள்ளத்தாயி, ஆனா அங்க ஆயாம்மான்னாத்தான் தெரியும்.

பிஸ்கட்டா? எனக்கு வேணாம், நீ சாப்புடு. கை கழுவுனியா? இல்ல, சும்மா கேட்டேன். பஸ்ஸுக் கம்பியப் பிடிச்ச கையி, இப்ப எண்ணெ வேற பட்டுருக்கு. எங்கிட்ட சோப்பு இருக்கு, டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். தண்ணியும் இருக்கு. சன்னலுக்கு வெளிய கைய நீட்டு, நான் ஊத்துறேன். வெரல் இடுக்கெல்லாம் தேயி. நகத்துக்குள்ள. இன்னும் கொஞ்சம். ஆங், போதும். சிரிக்காத தாயி. ஒரு வருசமா இப்படி ஒரு பழக்கம் ஒட்டிக்கிச்சு, என்னான்னு தெரியல.

மில்லுன்னா நூல் மில்லு. பேரு எதுக்கு, விடு. அங்க புள்ளக் காப்பகம்னு ஒன்னு இருந்துச்சு. கேன்டீனுக்குப் பின்னால தகரம் போட்ட ஒரு கொட்டகை. பொம்பளைங்க உள்ள மிஷின்ல நிக்கையில அதுங்க பெத்ததுங்க எங்கிட்ட. பதினாலு உருப்படி. ஆறு மாசத்துல இருந்து மூணு வயசு வரைக்கும். நான் ஒருத்திதான். ஊட்டுறது, கழுவுறது, தொட்டில் ஆட்டுறது எல்லாம் இந்த ரெண்டு கையிதான். பதினொரு வருசம் தாயி. பதினொரு வருசத்துல ஒரு நாளு லீவு போட்டதில்ல. எங்க வீட்டுக்காரரு செத்த அன்னைக்கு மட்டும் போகல. எனக்குன்னு வயித்துல ஒன்னும் தங்கல, அதனால அதுங்கதான் எனக்கு.

அதுல மதின்னு ஒருத்தி. பொன்மதி. ஒன்னே முக்கா வயசு. தவமணி மக. தவமணி கோன் சுத்துற செக்சன்ல வேல பாத்தா, அவ புருசன் மினி லாரி ஓட்டுறவன். இந்தக் குட்டி என் இடுப்ப விட்டு எறங்காது. யாரு ஊட்டுனாலும் வாய மூடிக்கும், நான் உருட்டிக் குடுத்தா மட்டும் ஆங்கும். அவ ஆத்தாவே பொறாமப்படுவா. 'நீங்களே வச்சுக்கங்க ஆயாம்மா, இவ உங்க புள்ளதான்'னு சொல்லிட்டுப் போவா. எனக்கு நெஞ்சு நெறஞ்சுரும்.

போன வருசம் மார்கழிக் கடைசியில ஆரம்பிச்சது. மொதல்ல படுத்தது பிங்கி. வடக்கத்திக்காரங்க புள்ள, பீகாரோ என்னமோ, மில்லுக் குவாட்டர்ஸ்லயே குடியிருந்தாங்க. ஒரு வியாழக்கெழம, சோறு ஊட்டிக்கிட்டு இருக்கேன், வாய் நெறையா என் மேலயே கக்கிருச்சு. பின்னாலயே வயித்தால. தண்ணியாப் போகுது. அதுக்கு மறுநாள் ரெண்டு பேரு. அதுக்கு மறுநாள் நாலு. நான் அப்பவே சொன்னேன், இது அந்த வடக்கத்திக்காரங்க கொண்டாந்ததுன்னு. அதுங்க திங்குறதென்ன, பொழங்குறதென்ன. இதுல என்னான்னா, பிங்கி அம்மா ஒரு மாசமா மில்லு கேட்டத் தாண்டல, ஒரு விருந்தாளி வரல. பெறகு எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா எனக்கும் தெரியல. எங்கிட்டாவது கொண்டாந்துருப்பாங்க.

எனக்கா? எனக்கு ஒன்னும் வரல. எனக்கெல்லாம் வராது. அதுக்கு முந்தி ஞாயித்துக்கெழம நத்தத்துல எங்க அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து, அங்க கறி சரியில்ல. வந்தவங்கள்ல பாதிப்பேரு படுத்துட்டாங்க, எங்க அண்ணன் மூணு நாள் எந்திரிக்கல. எனக்கும் திங்கக்கெழம ராத்திரி பூராப் போச்சு, வாந்தி வேற, பதினோரு தடவ கொல்லைக்கு ஓடிருப்பேன். அது சூடு. செவ்வாக்கெழமக் காலையில வெந்தயத்த மோரோட முழுங்கிட்டு, வயித்தத் துணியால இறுக்கிக் கட்டிக்கிட்டு நேரா வேலைக்குப் போயிட்டேன். பாதி வழியில ஒருக்க ஒதுங்குனேன். இருந்தாலும் போனேன். நான் போகலைன்னா மதி சோறு தின்ன மாட்டாளே. இப்படியெல்லாம் ஒழச்சவளத்தான் தாயி கடைசியில அந்தப் பேச்சுப் பேசுனாங்க.

பேசுனது யாரு? அந்த நர்சுப்புள்ள. ஜெனிட்டா சிஸ்டர்னு பேரு. செவ்வாயும் வெள்ளியும் மில்லுக்கு வரும். இருபத்தஞ்சு வயசிருக்கும், கல்யாணம் ஆகல, புள்ள பெக்கல. அது வந்து எனக்குப் புள்ள வளக்கச் சொல்லிக் குடுக்குது. 'ஆயாம்மா, இது வைரஸ். வாந்தியிலயும் மலத்துலயும் இருந்து கை வழியா வாய்க்குப் போகுது. கண்ணுக்குத் தெரியாத அளவு ஒட்டியிருந்தாலே போதும். ஒவ்வொரு புள்ளையத் தொட்டதும் சோப்புப் போட்டுக் கழுவுங்க. கக்குன எடத்துல பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்தித் தொடைங்க. யாருக்கு வந்தாலும் நின்னு ரெண்டு நாள் கழிச்சுத்தான் உள்ள வரணும், புள்ளையா இருந்தாலும் சரி, பெரியவங்களா இருந்தாலும் சரி.' படம் போட்ட காயிதம் ஒன்னக் கொண்டாந்து செவத்துல ஒட்டுச்சு.

நின்ன பெறகும் ரெண்டு நாளாம்! நின்னுருச்சுன்னா நின்னுருச்சுதானே? அப்படி எல்லாரும் வீட்டுல உக்காந்தா மில்லு ஓடுமா? பிளீச்சிங் பவுடரு நாத்தம் கொழந்தைங்களுக்கு ஆகாதுன்னு ஈரத்துணியால நல்லாத் தொடச்சு விட்டேன். மூணு எடத்துல கக்கி வச்சாலும் மூணையும் பளிச்சுன்னு தொடச்சுருவேன், ஒரே துணிதான், அலசி அலசித் தொடைப்பேன். ஆபீசுல இருந்து ஹெச்.ஆர். சாரு நீலக் கலர்ல ஒரு பாட்டில் அனுப்புனாரு, அமுக்குனா வழுவழுன்னு வரும், ஊதுனாக் காஞ்சிரும். அதையாவது போட்டுக்குவோம்னு பாத்தா, சிஸ்டர் அதையும் ஒத்துக்கல. 'இந்தக் கிருமிக்கு இது பத்தாது ஆயாம்மா, சோப்பும் ஓடுற தண்ணியும்தான்'னு நின்னுச்சு.

நான் எப்படித் தாயி கழுவ முடியும்? குடல் தட்டுன கையக் கழுவக்கூடாது. அது எங்க ஆத்தா சொல்லிக் குடுத்தது. தட்டுன கைய முந்தானையில தொடச்சுக்கிரணும், பொழுது சாயுற வரைக்கும் தண்ணியில நனைக்கக் கூடாது. நனச்சா ராசி தண்ணியோட போயிரும், எறக்குன குடல் திரும்ப ஏறிரும். எங்க ஆத்தா அப்படித்தான் செஞ்சது, அது தட்டுன புள்ளைங்க இன்னிக்குப் பேரன் பேத்தி எடுத்துருச்சுங்க.

ஷிப்ட் விட்டதும் பொம்பளைங்க வரிசையில நிப்பாங்க. மொதல்ல பிங்கிய மடியில போட்டேன். அடுத்தது ரெட்டப் புள்ளைங்க ரெண்டு. அடுத்தது சூப்பரவைசர் தங்கச்சி புள்ள, அது எங்க காப்பகத்துலயே இல்ல, கேள்விப்பட்டு வெளிய இருந்து தூக்கிட்டு வந்தாங்க. ஒரு கிண்ணம் எண்ணெ, அதுல வெரல விட்டு விட்டுத் தொட்டு ஒவ்வொன்னாத் தட்டித் தட்டி எறக்கி விட்டேன். சும்மா இருந்த புள்ளைங்களையும் விடல. வர்றதுக்கு முந்தியே தட்டி வச்சுருவோம்னு பதினாலையும் தட்டுனேன். மூணா நாளு நாலா நாளு ஒவ்வொன்னுக்கா நின்னுச்சு. 'ஆயாம்மா கைபட்டா நிக்கும்'னு மில்லு பூராப் பேச்சு. நின்னுச்சா இல்லையா? அதையும் அந்த சிஸ்டர் விடல. 'அது தானா மூணு நாள்ல நிக்கிறது ஆயாம்மா. நிக்கிற வரைக்கும் ஒடம்புல தண்ணி கொறையாமப் பாத்துக்கிறதுதான் வைத்தியம்'னுச்சு. தானா நிக்குதாம். அப்ப நான் எதுக்கு?

இந்தா பாரு, கல்லுப்பட்டிப் பிரிவு வந்துருச்சா? இன்னும் இல்லையா. சரி.

மதிக்கு வந்தது ரெண்டாவது வாரம். வியாழக்கெழம மத்தியானம். நல்லா இருந்த புள்ள, என் கையால ரெண்டு உருண்ட பருப்புச் சோறு தின்னுச்சு, கக்கிருச்சு. உடனே மடியில போட்டுத் தட்டுனேன். சாயந்தரமும் தட்டுனேன். வெள்ளிக்கெழமக் காலையில ஆறு மணி ஷிப்டுக்குத் தவமணி தூக்கிட்டு வந்தா. ராத்திரியும் பூராப் போயிருக்கு. கண்ணு கொஞ்சம் உள்ள போயிருந்துச்சு. 'லீவு கேட்டேன் ஆயாம்மா, பாதிப்பேரு வரல, சாயந்தரம் வரைக்கும் நின்னே ஆகணும்ன்னுட்டாங்க. நீங்க இருக்கீங்கன்னுதான் விட்டுட்டுப் போறேன்'னா. நீங்க இருக்கீங்கன்னு. அந்தச் சொல்லு இருக்கே.

திரும்பவும் தட்டுனேன். இந்தத் தடவ பாத்துப் பாத்துத் தட்டுனேன், எம் புள்ளைக்குத் தட்டுறது மாதிரி. பத்து மணிக்கு டீ விட்டப்ப தவமணி ஓடி வந்தா. கையில ஒரு பாக்கெட்டு. உப்பும் சக்கரையும் கலந்த பொடி, தண்ணியில கரச்சுக் குடுக்குறது, சிஸ்டர் எல்லாருக்கும் குடுத்துட்டுப் போயிருந்துச்சு. 'ஆயாம்மா, இதக் கரச்சு ஸ்பூன் ஸ்பூனாக் குடுத்துக்கிட்டே இருக்கச் சொன்னாங்க. கக்குனாலும் பத்து நிமிசம் பொறுத்து மறுபடி குடுக்கச் சொன்னாங்க. குடுக்கட்டா?'ன்னு கேட்டா.

நான் என்ன சொல்லுவேன்? தட்டியிருக்கு. குடல் இப்பத்தான் எறங்கியிருக்கு. எறங்குன குடல் மேல தண்ணிய ஊத்துனா நிக்குமா? குடிக்கக் குடிக்கத்தானே போகுது. உள்ள ஒன்னும் போகலைன்னா வெளிய ஒன்னும் வராது, இது சின்னப்புள்ளைக்குக்கூடத் தெரியும். 'பொழுது சாயட்டும் தவமணி, நானே கரச்சுக் குடுக்குறேன், இங்க குடு'ன்னு வாங்கி சுருக்குப் பையில போட்டுக்கிட்டேன். ஆயாம்மா சொன்னாச் சரி. போயிட்டா.

நான் ஒரு நிமிசம்கூட எறக்கி விடல தாயி. மத்ததுங்க கத்துனாக் கத்தட்டும்னு மதிய மடியிலயே வச்சிருந்தேன். பதினொரு மணி வாக்குல அழுதா. அழுதா கண்ணுல சொட்டுத் தண்ணி வரல. இது பொய் அழுகை, அடம்னு நெனச்சேன். தண்ணிப் பானைப் பக்கமே பாத்துக்கிட்டு இருந்தா. அந்தப் பானை மூடியில ஒரு கிளிப் படம் இருக்கும், அதத்தான் பாக்குறான்னு கிளிக் கத சொன்னேன். மத்தியானத்துக்கு மேல அழுகை நின்னுச்சு. வயித்தால போறதும் நின்னுச்சு. கட்டுன துணி கட்டுனபடிக்குக் காஞ்சு கெடக்கு, ஒன்னுக்குக்கூடப் போகல. எனக்கு அம்புட்டுச் சந்தோசம். பாத்தியா, கட்டுப்பட்டுருச்சுன்னு, பிங்கியப் பாக்க வந்த அவ அம்மாகிட்டக் காட்டுனேன். அவ மதி கன்னத்தத் தொட்டுப் பாத்துட்டு என்னமோ அவ பாசையில படபடன்னு பேசுனா, தண்ணிச் சொம்பத் தூக்கிட்டு வந்தா. எனக்கு என்ன புரியுது? போ அங்கிட்டுன்னு அதட்டி விட்டேன்.

அவ மட்டும் நான் சொன்ன எதையும் கேக்கல தாயி. பாச தெரியாதுல்ல. பிங்கிக்கு நான் தட்டிட்டு, தண்ணி குடுக்காதன்னு கையால காட்டுறேன், அவ தலைய ஆட்டிட்டு அந்தாண்ட போயி, ஸ்பூன் ஸ்பூனாப் பொடித் தண்ணியக் குடுத்துக்கிட்டே கெடந்தா. ராத்திரி பகலா. பிங்கிக்குத்தான் எல்லாரையும் விட மோசமாப் போச்சு. அது எந்திரிச்சு ஓடியாடித் திரியுது. நேரம், வேறென்ன.

மதி தூங்கிட்டா. என் மடியில. எழுப்புனா முழிச்சு அழுவாளேன்னு அசையாம உக்காந்திருந்தேன். கால் மரத்துப் போச்சு, இடுப்பு விட்டுப்போச்சு, ஒன்னுக்குக்கூட எந்திரிச்சுப் போகல நானு. மூணு மணி நேரம். என்னையப் போயி புள்ளையக் கவனிக்கலைன்னு ரிப்போர்ட்டுல எழுதியிருக்காங்க. கவனிக்காதவளா மூணு மணி நேரம் மூச்ச எண்ணிக்கிட்டு உக்காருவா? மூச்சு வேக வேகமா வந்துச்சு. கனாக் காணுறா போலன்னு நெனச்சேன்.

பொழுது எறங்குற நேரம் சிஸ்டர் வந்துச்சு. வந்ததும் வராததுமா மதி வயித்துத் தோலக் கிள்ளிப் பாத்துச்சு. கிள்ளுன தோலு கிள்ளுனபடியே நின்னுச்சு. 'எத்தன மணி நேரமா ஒன்னுக்குப் போகல'ன்னு கத்துச்சு. ஏன் கத்துதுன்னே எனக்குப் புரியல. தூக்கிக்கிட்டு ஓடுனாங்க. மில்லு வேன்ல தவமணி மடியில புள்ள, பக்கத்துல நானு, முன்னால சிஸ்டரு. நான் காலப் பிடிச்சேன். ஐஸ் மாதிரி இருந்துச்சு. திண்டுக்கல் எல்லையத் தொடுறதுக்குள்ள...

சரி விடு.

டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. 'கடைசியா எப்பத் தண்ணி குடிச்சா?' தவமணி என்னையப் பாத்தா. நான் தரையப் பாத்தேன். டைல்ஸ் போட்ட தரை, அதுல ஒரு எறும்பு போயிக்கிட்டு இருந்துச்சு.

பெறகு விசாரண. ஆபீசு ரூம்ல எல்லாரையும் நிக்க வச்சாங்க. சிஸ்டர் வாயத் தொறந்துச்சு. 'மூணு தடவ சொன்னேன் சார். கை கழுவச் சொன்னேன், ரெண்டு நாள் வீட்டுல இருக்கச் சொன்னேன், தண்ணிய நிறுத்தாதீங்கன்னு சொன்னேன். மொதல்ல யாருக்கு வந்துச்சுன்னு விசாரிங்க சார்'னுச்சு. நான் சொன்னேன், பிங்கிக்குன்னு. அப்ப அது என்னையத் திரும்பிப் பாத்து, 'அதுக்கு முந்தி உங்களுக்கு ஒன்னும் இல்லையா ஆயாம்மா'ன்னு கேட்டுச்சு. எல்லாரும் இருக்காங்க. பதினோரு வருசமா என் கையில புள்ளையக் குடுத்தவங்க பூராப்பேரும் என் வாயப் பாக்குறாங்க. 'எனக்கு என்ன, நான் கல்லு மாதிரி இருந்தேன்'னேன். காதுகுத்துக் கதையெல்லாம் எதுக்கு அங்க? அது கறி.

வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. காப்பகத்தையும் பூட்டிட்டாங்க. நெலக்கோட்டையில தம்பி வீட்டுல வந்து கெடக்கேன். அந்த நர்சுப்புள்ள வாயால கெட்டேன், வேற என்ன சொல்ல. ஆனா ஒன்னு தாயி, அன்னைக்கு அத்தன பேருல ஒரே ஒருத்திதான் எனக்காகப் பேசுனா. யாருங்கற? தவமணி. புள்ளயப் பறிகொடுத்து எட்டு நாள் ஆகல, எந்திரிச்சு நின்னு, 'ஆயாம்மா மேல தப்பில்ல சார். எம் புள்ளைக்கு ஆயுசு அம்புட்டுத்தான்'னா. அவ சொல்லாம இருந்திருக்கலாம். நாலு அற அறஞ்சிருந்தாக்கூட நான் தாங்கிருப்பேன். அவ சொன்னாப் பாரு, அன்னையில இருந்து எனக்குச் சோறு பிசைய முடியல. கைய எலையில வச்சா என்னமோ பண்ணுது. ஸ்பூன்ல திங்குறேன். தம்பி பொண்டாட்டி கேலி பண்றா, தொரசானியாட்டம்னு.

இப்ப யாரு கொழந்தைக்கா? அதத்தானே சொல்லிக்கிட்டு வர்றேன். தவமணிக்கு ரெண்டாவது பெறந்து அஞ்சு மாசம். ஆம்பளப் புள்ள. மதி போறப்பவே வயித்துல ரெண்டு மாசம், அவளுக்கே தெரியாது. இன்னிக்குக் காலையில போன் பண்றா. 'ஆயாம்மா, தம்பிக்கு நேத்துல இருந்து வயித்தால போகுது, பாலையும் கக்குறான். வேற யாரு கையும் வேணாம் எனக்கு. நீங்க வந்து தட்டுங்க. எண்ணெயும் நீங்களே கொண்டாங்க'ங்கறா. எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. பெருமைதான். அம்புட்டு நடந்தும் என் கைய நம்புறாளே. வர்றேன்னு சொல்லிட்டு, வைக்கிறதுக்கு முந்தி, 'பால நிறுத்திராத, அவன் கேக்கக் கேக்கக் குடு'ன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல. வாயில வந்துருச்சு. அவகூட, 'ஏன் ஆயாம்மா, குடுத்தாப் போகாதா'ன்னா. நான் போன வச்சுட்டேன்.

தாயி, ஒரு உதவி. உனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்ல. இந்தா, இந்தப் பாக்கெட்டுல பின்னால தேதி போட்டுருக்கும், பொடி எழுத்து, படிச்சுச் சொல்லு. எதுவரைக்கும் நல்லா இருக்கும்னு. ஆமா, கொஞ்சம் கசங்கித்தான் போச்சு. சுருக்குப் பைக்குள்ளயே கெடந்துச்சு. ஒரு வருசமா. அதே பாக்கெட்டுதான். பொழுது சாஞ்சதும் கரைக்கிறேன்னேன்ல.

அடுத்த வருசம் ஜூலை வரைக்குமா? நல்லாப் பாத்தியா?

இன்னமும் நல்லாத்தான் இருக்குதா.

அப்ப அன்னைக்கும் நல்லாத்தான் இருந்திருக்கு.

இல்ல, ஒன்னுமில்ல. தூசி. இந்தப் பஸ்சு சன்னல் இருக்கே, ஒன்னும் மூட வராது. வேணாம், நீ தண்ணி குடு, குடிக்கிறேன்.

தாயி, நான் ஒன்னு கேக்குறேன், ஒளிக்காமச் சொல்லு. இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டு வந்தியே, என் கையவே பாக்குறியே. அது கறிதானே? காதுகுத்துல தின்ன கறி. பிங்கிக்கு அது எப்படி வரும்? பிங்கி நத்தத்துக்கு வரலையே. பிங்கிக்கும் எனக்கும் நடுவுல என்ன இருக்கு? நான் அவளுக்குச் சோறுதான் ஊட்டுனேன்.

பேசாத. சொல்லாத. அந்தா, டீக்கடை தெரியுது. பிரிவு வந்துருச்சு.

அவதான். அந்தா, புளியமரத்துக்கிட்ட, பச்சைச் சேலை. நான் தேடி நடக்கக் கூடாதுன்னு ரோட்டுக்கே வந்து நிக்கிறா பாரு. ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு நிக்கிறா. புள்ள தல தொங்குது. தூங்குறானா? தூங்குறானா தாயி? நீ பாரு, எனக்குத் தூங்குறது எதுன்னு தெரியாது.

கண்டக்டரே, நான் எறங்கல. விசில அடிச்சுறாதீங்க, ஒரு ஆளு ஏறணும். வேடசந்தூரு ஆஸ்பத்திரிக்கு எங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட்டு போடுங்க. தவமணி! ஏறு. ஏறுங்கறேன்ல, நான் எறங்க மாட்டேன், நீ ஏறு. கேள்வி அப்பறம். புள்ளைய எங்கிட்ட நீட்டாத. எங்கிட்ட வேணாம். தாயி, நீ சோப்புப் போட்டுக் கழுவுன கையிதானே, நீ நீட்டு. நீ வாங்கு. தலையப் பிடிச்சுக்க. முழிக்கிறானா? காலத் தொட்டுப் பாரு, சில்லுன்னு இருக்கா? இல்லையா? நெசமாவா? துணி? துணி ஈரமா இருக்கா? இருக்குல்ல? சாமி, இருக்கு.

தவமணி, உக்காரு. இங்க, சன்னலோரம். மொதல்ல பாலக் குடு. எண்ணெ எங்கயா? கொட்டிப்போச்சு. இனிமே எண்ணெ இல்ல. ஆஸ்பத்திரியில சேத்துட்டு எங்கிட்டயும் போவம், போலீசுக்குன்னாலும் போவம், உன் இஷ்டம். என் கையப் பிடிக்காத, விடு. ஆஸ்பத்திரி வர்றதுக்குப் பத்து நிமிசம் இருக்கு. பாலக் குடுத்துக்கிட்டே கேளு. என் மூஞ்சியப் பாக்காமக் கேளு.

மதி அன்னைக்கு எங்கிட்டத் தண்ணி கேட்டா. நான் குடுக்கல.